விதிவிலக்கு யார் வீட்டுச் சொத்து?

(பழனி மலையடிவாரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சூதாட்ட விடுதிகளும், மந்திரிகளும், சட்டசபையும் என்பதாகும். கொடைக்கானலில் காசினோ ஏது, பழனியில் காசினோ ஏது, பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயந்தான். காசினோ என்கிற பணக்காரச் சூதாட்ட விடுதி இந்த மலையில் கிடையாது. ஆனால் அது முளைப்பதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மேஜை வேண்டும், சீட்டு வேண்டும், உருளுகிற சக்கரம் வேண்டும். இவையெல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி வத்தலக்குண்டு வழியாக ஒரே நாளில் மேலே கொண்டுபோய் இறக்கிவிடலாம். லாரியில் வராத சாமான் ஒன்றே ஒன்றுதான். அது மந்திரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது, விழுந்த பிறகு அதை யார் கேட்கிறார்கள் என்பதற்கு நல்ல பாடம் வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். உங்கள் மலை உச்சியிலேயே இருக்கிறது. ஆகையால்தான் இந்த ஊரில் இதைப் பேச ஒப்புக்கொண்டேன்.

சூதாடுகிறவனைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அவன் ஏமாந்தவன். தலையெழுத்து என்று ஒன்று இருப்பதாகவும், அது இன்றைக்குத் தன் பக்கம் திரும்பும் என்றும் நம்புகிறவன். பஞ்சாங்கம் பார்த்துச் சீட்டு வாங்குகிறவனும், கனவில் வந்த நம்பரைத் தேடி அலைகிறவனும், ராசி பார்த்துக் கைப்பேசியில் ரம்மி ஆடுகிறவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பழனியில் போட்ட மொட்டை மூன்று மாதத்தில் முளைத்துவிடும். சூதாட்டத்தில் போட்ட மொட்டை பேரன் காலத்திலும் முளைக்காது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனை மொட்டையடிக்கிறவனுக்குக் கத்தி எங்கிருந்து வந்தது, அதற்கு லைசென்சு கொடுத்தது யார், அப்படிக் கொடுத்ததை நம்முடைய பிரதிநிதிகள் பார்த்தார்களா என்பதுதான் என் விஷயம்.

சட்டம் என்பதை நம் ஜனங்கள் ஏதோ கல்லில் வெட்டிய எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. நம்முடைய சட்டசபையில் 234 அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசி மெஜாரிட்டியால் செய்வது சட்டம். அந்தச் சட்டத்தை எப்படி நடத்துவது என்று சர்க்கார் எழுதிக்கொள்வது விதி. அந்த விதியின்படி இன்னாருக்கு இது உண்டு, இன்னாருக்கு இல்லை என்று தலைமைச் செயலகத்திலிருந்து வருவது உத்தரவு. சட்டம் செய்யும்போது ஊரெல்லாம் பேச்சு இருக்கும். விதி எழுதும்போது பேச்சு குறைந்துவிடும். உத்தரவு போடும்போது சத்தமே இருக்காது. ஆனால் காசு கைமாறுகிற இடம் எது? சத்தமே இல்லாத அந்த மூன்றாவது இடந்தான்.

அநேகமாக ஒவ்வொரு சட்டத்தின் கடைசியிலும் ஒரு சின்னப் பிரிவு உட்கார்ந்திருக்கும். சர்க்கார் தக்கதென்று நினைத்தால் யாருக்கு வேண்டுமானாலும் இந்தச் சட்டத்திலிருந்து விதிவிலக்கு அளிக்கலாம் என்பதே அது. முன்னே நூறு பிரிவுகளில் கட்டிய வேலியில், பின்னே ஒரு ஆள் நுழையும்படி ஓட்டை விட்டு வைப்பது மாதிரி. ஓட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கோ விதி தளர வேண்டிய சமயம் உண்டு. ஆனால் அந்த ஓட்டை வழியாக இதுவரை நுழைந்தவன் யார் என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது?

இனி கொடைக்கானல் சங்கதிக்கு வருவோம். சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளி வெயிலுக்குப் பயந்து ஏறிவந்து குடில் போட்ட இடம். 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். வெள்ளைக்காரன் போனபின் நம்முடைய பணக்காரர்கள் ஏறினார்கள். பணக்காரன் ஏறினால் கட்டடம் ஏறும். கட்டடம் ஏறினால் சோலைக்காடு இறங்கும். சோலை என்பது பார்த்து ரசிப்பதற்கு மட்டும் இருக்கிற காடல்ல; பெய்கிற மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுவது. பாலாறும் பொருந்தலாறும் இந்த மலையில் பிறந்து பழனிக்கு வருகின்றன. அந்தப் பக்கம் மஞ்சளாறு தேவதானப்பட்டி நிலங்களுக்கு இறங்குகிறது. ஆகவே உச்சியில் ஒருவன் எத்தனை மாடி கட்டுகிறான் என்பது இங்கே கீழே நெல் நடுகிறவனுக்குச் சம்பந்தமில்லாத காரியமல்ல.

இதற்காகத்தான் மலை ஊர்களில் கட்டடத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்தார்கள். 1993-ல் அதற்கென்றே தனி விதிகளும் வந்தன. அந்த விதிகளுக்கு மேலே இருந்த 1920-ம் வருஷத்திய ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தில், நான் சொன்ன அந்தச் சின்னப் பிரிவும் இருந்தது. சர்க்கார் விதிவிலக்கு அளிக்கலாம் என்று.

பிளசண்ட் ஸ்டே ஓட்டல் என்று ஒன்று. இரண்டு மாடிக்கு அனுமதி பெற்று ஏழு மாடி எழுப்பினார்கள் என்பது விவகாரம். நகராட்சி ஆட்சேபித்தது. ஊரில் உள்ளவர்கள் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விவகாரம் இப்படி இருக்கும்போது, 1994 மே மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. அந்தக் கட்டடத்துக்கு விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது என்பதே அதன் சாராம்சம். அதாவது கட்டினவன் சட்டத்துக்கு வரவில்லை. சட்டம் கட்டடத்திடம் போயிற்று.

இப்போது நான் கேட்கிறேன். அன்றைக்குச் சட்டசபை என்று ஒன்று இருந்ததா இல்லையா? இருந்தது. ஆனால் எப்படிப்பட்ட சட்டசபை? 1991 தேர்தலில் 234 இடங்களில் 225 ஆளுங்கூட்டணிக்கு. தி.மு.க. ஜெயித்தது 2. மந்திரி கையெழுத்துப் போட்டால், "ஏன் போட்டீர்கள்?" என்று எழுந்து கேட்க அங்கே எத்தனை பேர் மிச்சம்? இது ஆளுங்கட்சியின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. ஓட்டுப் போட்ட நாமுந்தான் எதிர்க்கட்சி என்பது வேண்டாத சாமான் என்று நினைத்து வழித்துத் தள்ளினோம். பந்தியில் எல்லோரும் சம்பந்தி வீட்டாராகவே உட்கார்ந்திருந்தால், சாம்பாரில் உப்பில்லை என்று எவன் சொல்லுவான்?

அல்லாமலும், எதிர்க்கட்சி நிறைய இருந்திருந்தாலும் அந்த உத்தரவு சபையின் மேஜைக்கு வந்திருக்காது. ஏனென்றால் பொதுவான விதியைச் சபையில் வைக்கச் சட்டங்கள் சொல்லும். அதைப் பார்க்க ஒரு கமிட்டியும் உண்டு. ஒரு தனி ஆளுக்கு, ஒரு தனி கட்டடத்துக்குப் போடுகிற உத்தரவு விதியல்ல, வெறும் நிர்வாகக் காரியம் என்று பேர் பண்ணிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் பொருந்துகிற விதியைச் சபை பார்க்கலாம். ஒருவனுக்கு மட்டும் லாபம் தருகிற உத்தரவைச் சபை பார்க்க வேண்டாம்! இந்த ஞாயத்தை எந்த மனு எழுதி வைத்தானோ தெரியவில்லை.

ஆகவே சபை செய்யாத வேலையை அந்த ஊர்ச் சங்கமும் கோர்ட்டும் செய்தன. ஐகோர்ட் அந்த விலக்கு உத்தரவைச் செல்லாது என்று ரத்து செய்தது. ஓட்டல்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1995-ல் அங்கேயும் தோற்றார்கள். அதிகப்படி மாடிகள் நிற்கக் கூடாது என்பதே முடிவாயிற்று.

அதோடு போகவில்லை. 1996-ல் ஆட்சி மாறிற்று. முதல் மந்திரியாயிருந்த ஜெயலலிதா அம்மையார் மேலும், ஸ்தல ஸ்தாபன மந்திரியாயிருந்த டி.எம்.செல்வகணபதி மேலும், அதிகாரி ஒருவர் மேலும், ஓட்டல்காரர்கள் மேலும் வழக்கு வந்தது. 2000 பிப்ரவரி 2-ந் தேதி தனிக் கோர்ட் ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தது. 2001 டிசம்பர் 4-ந் தேதி ஐகோர்ட் அந்தத் தண்டனையை நீக்கி எல்லோரையும் விடுதலை செய்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பாதியை மட்டும் சொல்லுகிறவன் கட்சிக்காரன். பின்பாதியை மட்டும் சொல்லுகிறவனும் கட்சிக்காரன்.

ஆனால் அந்த முதல் தீர்ப்பு வந்த அன்றே தர்மபுரிக்குப் பக்கத்தில் இலக்கியம்பட்டியில் நடந்தது என்ன? கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்து மாணவிகள் வந்த பஸ்ஸுக்கு நெருப்பு வைத்தார்கள். மூன்று பெண்கள் வெந்து செத்தார்கள். அந்தப் பெண்களுக்கும் கொடைக்கானல் ஓட்டல் மாடிக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஓட்டலை அவர்கள் பார்த்திருப்பார்களா? 1994-ல் சபையில் பத்து நிமிஷம் கேள்வி கேட்டு முடித்திருக்க வேண்டிய காரியம், கேட்பாரில்லாமல் கிடந்து, கோர்ட்டுக்குப் போய், தண்டனையாகி, தெருவுக்கு வந்து, ஒன்றுமறியாத மூன்று பெண்களின் உயிரில் வந்து முடிந்தது. கேள்வி கேட்காத சபையினால் என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன். நெருப்பு வைத்தவன் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேஜையில் பேசித் தீர்க்க வேண்டியதைத் தெருவுக்கு அனுப்பி வைத்தது எது என்பதையும் யோசிக்க வேண்டுமா இல்லையா?

சூதாட்டமும் சபையும் என்றவுடன் நம்முடைய புராணப் பண்டிதர்களுக்கு ஒரு சபை ஞாபகம் வரும். தருமன் சூதாடி நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னையும் வைத்தான், கடைசியில் பெண்டாட்டியை வைத்தான். இந்தக் கதையைத் தர்மத்துக்கு உதாரணமாக நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்! அது கிடக்கட்டும். அந்தக் கதையில் யோக்கியமான பேச்சு ஒன்று இருக்கிறது. அதைப் பேசியது அந்தப் பெண். "என் புருஷன் முதலில் தன்னைத் தோற்றானா, என்னைத் தோற்றானா? தன்னைத் தோற்றபின் என்னை வைக்க அவனுக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்டு அனுப்பினாள். அதுதான் தோழர்களே, சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி. உனக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. அதற்குப் பீஷ்மன் சொன்ன பதில் என்ன? தர்மம் சூட்சுமமானது, எனக்கு விளங்கவில்லை என்றான். எதிராக எழுந்தவர்கள் விதுரனும், துரியோதனன் தம்பிகளில் விகர்ணன் என்கிற பையனும்தான். விகர்ணனைக் கர்ணன் அதட்டி உட்கார வைத்தான். பீஷ்மர்கள் எல்லாக் காலத்துச் சபையிலும் இருக்கிறார்கள். விகர்ணன்தான் தேர்தலில் டெபாசிட் இழந்துவிடுகிறான்.

வெளிநாட்டுச் சங்கதி ஒன்று சொல்லுகிறேன். இங்கிலாந்தில் 2005-ல் ஒரு சூதாட்டச் சட்டம் செய்தார்கள். அதன்படி புதிதாக 17 காசினோக்கள் வரலாம். அதில் ஒன்று மிகப் பெரியது. அது எந்த ஊருக்கு என்று சிபாரிசு செய்ய ஒரு குழு போட்டார்கள். பிளாக்பூல் என்கிற கடற்கரை ஊர் கிடைக்குமென்று காத்திருந்தது. குழு 2007 ஜனவரியில் மான்செஸ்டர் என்று சொல்லிற்று. மந்திரி அம்மையார் டெஸ்ஸா ஜோவல் அப்படியே உத்தரவு தயாரித்தார். நம் ஊராயிருந்தால் அன்று சாயங்காலமே கெஜட்டில் வந்து, மறுநாள் பூமிபூஜை நடந்திருக்கும். அங்கே அப்படி முடியவில்லை. அந்த உத்தரவை இரண்டு சபைகளும் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்று இருந்தது. 2007 மார்ச் 28-ந் தேதி ஓட்டெடுத்தார்கள். கீழ்ச்சபையில் 274-க்கு 250 என்று உத்தரவு ஜெயித்தது. மேல்சபையில் 123-க்கு 120 என்று தோற்றது. மூன்றே ஓட்டு! அந்த மூன்று ஓட்டில் மந்திரியின் உத்தரவு செத்தது. பிறகு வந்த பிரதம மந்திரி கார்டன் பிரவுன் அந்தப் பெரிய காசினோவையே கைவிட்டார். மற்றப் 16-ம் மறு வருஷம் தனியாக அனுமதி பெற்றன.

அந்த மேல்சபை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. பிரபுக்களும் நியமனக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற மடம். அதை நான் மெச்ச வரவில்லை. மந்திரியின் உத்தரவு சபையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கதவு வைத்திருந்தார்களே, அந்தக் கதவைத்தான் சொல்லுகிறேன்.

பக்கத்திலே இலங்கையைப் பாருங்கள். அங்கே 2010-ல் காசினோ தொழிலைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தார்கள். 17-வது நம்பர் சட்டம். லைசென்சு கொடுக்கிற அதிகாரம் மந்திரிக்கு. அதன் பின் ஆஸ்திரேலியப் பணக்காரர் ஜேம்ஸ் பேக்கர் கொழும்பில் பெரிய விடுதி கட்ட வந்தார். வரிச்சலுகை கொடுக்கும் தீர்மானம் பாராளுமன்றத்துக்குப் போனபோது பௌத்த பிக்குகளும் எதிர்க்கட்சிக்காரர்களும் சத்தம் போட்டார்கள். சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? காசினோ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, சுற்றுலா விடுதி என்ற பேரில் 2014 ஏப்ரலில் சபையில் நிறைவேற்றிற்று. கள்ளுக்கடைப் பலகையை மாற்றிப் பதநீர்க்கடை என்று எழுதின மாதிரி! 2015 ஜனவரியில் ஆட்சி மாறியவுடன் காசினோ லைசென்சு இல்லை என்று புது சர்க்கார் சொல்லிவிட்டது. பணக்காரர் மூட்டை கட்டினார். பிறகு, லைசென்சு விதிகள் பாராளுமன்றத்தின் நிதிக் குழுவுக்கு வந்த சமயத்தில், இதைக் கவனிக்கத் தனி அதிகாரசபை அமைத்தாக வேண்டும் என்று அந்தக் குழு வற்புறுத்திற்று. அந்த அதிகாரசபைக்கான சட்டம் 2025-ல்தான் நிறைவேறிற்று. காசினோவுக்குச் சட்டம் செய்து பதினைந்து வருஷம் கழித்துக் காவல்காரனுக்குச் சட்டம். முதலில் வீட்டைத் திறந்து வைத்துவிட்டு, பேரன் பிறந்தபின் பூட்டு வாங்கப் போனார்கள்.

நம் நாட்டிலும் கோவா இருக்கிறது. 1976-ம் வருஷத்துச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், 1992-ல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலில் காசு போடும் இயந்திரத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்று. 1996-ல் கப்பலுக்கும் என்று நீட்டினார்கள். இன்று பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கிற சூதாட்டக் கப்பல்கள் அந்த ஒரு பிரிவின் பிள்ளைகள். அவை ஆற்றைவிட்டுப் போக வேண்டும் என்பார்கள், தவணை முடியும், மந்திரிசபை கூடும், தவணை நீளும். தடைச் சட்டம் என்ற பேர் மாத்திரம் அப்படியே இருக்கிறது!

சரி, நம்முடைய தமிழ்நாடு யோக்கியமா? இங்கே 1930-ம் வருஷத்திலிருந்து சூதாட்டச் சட்டம் இருக்கிறது. அதிலே திறமையால் ஆடுகிற ஆட்டத்துக்கு மட்டும் தடையில்லை. அந்தத் "திறமை" என்ற ஒரு வார்த்தை எத்தனை வக்கீல்களுக்குச் சோறு போட்டது என்று எண்ண முடியாது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் செய்தார்கள். கேஸ் நடந்தது நடந்தது, 1996-ல் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது. திறமை குதிரைக்கா, ஜாக்கிக்கா, பணம் கட்டின குமாஸ்தாவுக்கா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

லாட்டரிச் சீட்டைச் சர்க்காரே 1968-ல் கொண்டுவந்தது. அண்ணாதுரை அவர்கள் ஆட்சியில். நம்மிலிருந்து போனவர்களின் ஆட்சி என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை. அதிர்ஷ்டம் என்பது பொய் என்று மேடையில் பேசினவர்கள், அதிர்ஷ்டத்தை அச்சடித்து விற்றார்கள். 35 வருஷம் விற்றது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் தடை செய்தார் ஜெயலலிதா அம்மையார். அதை மெச்சத்தான் வேண்டும். கொடைக்கானல் உத்தரவைப் பற்றி அவ்வளவு பேசின நான், இதைச் சொல்லாமல் போனால் என் வாய்க்கு என்ன யோக்கியதை? ஆனால் கவனியுங்கள்: கொண்டுவந்ததும் ஒரு முடிவு, எடுத்ததும் ஒரு முடிவு. நடுவே 35 வருஷம் எத்தனை குடும்பம் கெட்டது, சர்க்காருக்கு வந்த பணம் எவ்வளவு, ஏஜெண்டு கொண்டுபோனது எவ்வளவு என்று சபை ஒரு கமிட்டி போட்டு ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

கைப்பேசி ரம்மிக்கு வருவோம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் சபையில் சட்டம். நல்ல காரியந்தான். ஆனால் சபையில் அதை உருட்டிப் புரட்டிப் பார்த்தார்களா? அத்தாட்சி கேட்டார்களா? இல்லை. எலெக்‌ஷன் அவசரம். 2021 ஆகஸ்டு 3-ந் தேதி ஐகோர்ட் அதை ரத்து செய்தது. இவ்வளவு பெரிய தடைக்கு ஆதாரமாக ஆராய்ச்சி எங்கே என்று கேட்டது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மந்திரியைச் சபை கேள்வி கேட்பது மந்திரிக்கு விரோதமான காரியம் என்று நினைக்கிறார்களே, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். சபையில் பத்துக் கேள்வியைத் தாங்காத சட்டம், கோர்ட்டில் ஒரு கேள்வியைத் தாங்காது. பிறகு 2022 ஜூனில் ஜஸ்டிஸ் சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு அறிக்கை வாங்கினார்கள். அக்டோபர் 1-ந் தேதி அவசரச் சட்டம். 19-ந் தேதி சபையில் மசோதா நிறைவேறிற்று.

அப்புறம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே கவர்னர் ஆர்.என்.ரவி, சபை நிறைவேற்றின மசோதாவில் போடவில்லை. அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. நடுவிலே ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனிகளின் பிரதிநிதிகளை அவர் சந்தித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சபை அதே மாதம் 23-ந் தேதி மறுபடி நிறைவேற்றி அனுப்பிற்று. ஏப்ரல் 10-ந் தேதிதான் கையெழுத்து விழுந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்ட 234 பேர் மந்திரியைக் கேட்பது கண்காணிப்பு. யாரும் ஓட்டுப் போடாத ஒருவர் அந்த 234 பேரையும் ஐந்து மாதம் வாசலில் நிறுத்தி வைப்பதற்கு என்ன பேர்? அந்த ஐந்து மாதத்தில் பணம் தோற்றவன் வீட்டில் யார் போய்க் கணக்குச் சொல்லுவார்கள்?

அந்தச் சட்டத்தையும் 2023 நவம்பரில் ஐகோர்ட் பார்த்தது. சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த அட்டவணை செல்லாது என்றது. பிறகு இங்கே ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிகள் போட்டது: ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது, ஆடுகிறவன் ஆதார் காட்ட வேண்டும் என்று. 2025 ஜூனில் ஐகோர்ட் அந்த விதிகள் செல்லும் என்றது.

இப்படியெல்லாம் சொல்லி நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. ஒரு ஆளுக்கோ, ஒரு கம்பெனிக்கோ, ஒரு கட்டடத்துக்கோ சர்க்கார் விதிவிலக்குக் கொடுத்தால், அந்த ஆளின் பேர், கேட்ட தேதி, ஆட்சேபித்த அதிகாரியின் குறிப்பு, மந்திரி சொன்ன காரணம், இவை அடுத்த சபைக் கூட்டத்தில் மேஜைக்கு வரவேண்டும். சபை ஒப்புக்கொள்ளும் வரை அதன் பலத்தில் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது. பணம் வைத்து ஆடுகிற சங்கதி என்றால், எந்தக் கம்பெனிக்காரன் எந்த மந்திரியை என்றைக்குச் சந்தித்தான் என்பதும் கூட வரவேண்டும். இதைப் பார்க்கிற கமிட்டிக்குத் தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வரவேண்டும். நேர்மையான மந்திரிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் காரணம் கோர்ட்டுக்குப் போகுமுன்னே ஊருக்குத் தெரிந்துவிடும்.

சபை செய்கிற வரையில் நாம் கைகட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டினால் போதும். கொடைக்கானல் நகராட்சியில் இன்ன வருஷத்திலிருந்து எத்தனை கட்டடத்துக்கு விதிவிலக்கு, யாருக்கு, என்ன காரணம் என்று ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு உங்கள் சட்டசபை அங்கத்தினர் வீட்டுக்குப் போங்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறீர்கள், காதுகுத்துக்குக் கூப்பிடப் போகிறீர்கள், இதற்கும் ஒரு தடவை போனால் என்ன? பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒரு சட்டசபையே கேட்காததை அவர்கள் கேட்டார்கள்.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், "ஓட்டல் வழக்கில் எல்லோரும் விடுதலையான பிறகு அதைப் பேசுவது சரியா?" என்று கேட்கிறார். சரிதான், தோழரே. குற்ற வழக்கில் விடுதலை என்றால் தண்டிக்கும்படியான குற்றம் நிற்கவில்லை என்று அர்த்தம். அதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் விலக்கு உத்தரவு செல்லாது என்ற 1995-ம் வருஷத்துத் தீர்ப்பு வேறே. அது அப்படியே நிற்கிறது. மந்திரி ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசையல்ல. சபைக்கு வரவேண்டும் என்பதுதான். ஜெயிலுக்கும் விடுதலைக்கும் நடுவே பதில் சொல்லுகிற கடமை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இடம் சபை.

இன்னொரு சீட்டு: "2025-ல் டில்லி சர்க்கார் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அடியோடு தடை செய்துவிட்டதே, இனி என்ன கவலை?" தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் அது வந்த விதத்தைப் பாருங்கள். ஆகஸ்டு 20-ந் தேதி லோக்சபையில் மசோதாவை வைத்தார்கள். அன்றைக்கே, கூச்சலுக்கு நடுவே, நிறைவேறிற்று. 21-ந் தேதி ராஜ்யசபை. 22-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்து. மூன்றே நாள்! கவர்னர் ஐந்து மாதம் வைத்திருந்த மாதிரியான விஷயத்துக்கு டில்லியில் மூன்று நாள். ரம்மியை யார் தடுக்கலாம், ராஜ்யமா டில்லியா என்ற பெரிய கேள்வியைக்கூட யாரும் நின்று பேசவில்லை. அந்தச் சட்டத்தில் எது பண ஆட்டம், எது வெறும் விளையாட்டு என்று பிரித்துச் சொல்லுகிற வேலை சர்க்கார் அமைக்கிற ஒரு அதிகாரசபைக்கு. எந்த ஆட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவர்கள் ஒரு பட்டியல் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குக் கோடிக்கணக்கில் விலை உண்டு. நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின எம்.பி. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தாரா என்று அடுத்த முறை அவர் இந்த மலையடிவாரத்துக்கு வரும்போது கேளுங்கள்.